‘இந்நாளில்’ என்று நான் எழுதிய வரி

புதிதாக டெஸ்க்கில் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் செய்தி ஆசிரியர் போன வாரம் போனில் கூப்பிட்டார். “அக்கா, ‘இந்நாள்’ பகுதிய இனி புதுப் பிள்ளைங்க பாக்கப் போறாங்க. நீங்க பதினெட்டு வருசம் பாத்தது. எப்படிச் செய்யணும்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க” என்றார்.

எங்கே தகவல் தேடுவது, எத்தனை வரி எழுதுவது, பிறந்தவர்களை எங்கே போடுவது, இறந்தவர்களை எங்கே போடுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அதை எழுத ஒன்றுமில்லை. நான் எழுதிய ஒரு வரியைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் அவளை நினைக்காத வாரம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாகர்கோவில் பதிப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். பெண்ணைப் பிந்திய ஷிப்டில் போட முடியாது என்று, சாயங்காலத்துக்குள் முடிகிற வேலைகளாகப் பார்த்து எனக்கு ஒதுக்கினார்கள். கோயில் கொடை விழா, சர்ச் திருவிழா, ராசிபலன் பிழைதிருத்தம், அப்புறம் ஆறாம் பக்கத்து மூலையில் ‘இந்நாள்’ என்ற பெட்டி. இதே தேதியில் முன்பு உலகத்தில் என்னென்ன நடந்தது என்று ஏழெட்டு வரி. யாரும் அதை வேலை என்று மதிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. வருஷத்தின் ஒவ்வொரு தேதிக்கும் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். எங்கேயோ ஒரு பாலம் திறந்தார்கள், யாரோ ஒரு ராஜா முடிசூடினார், ஒரு கப்பல் மூழ்கியது. நூற்றுக்கணக்கான ஆட்களோடு மூழ்கிய கப்பலை இரண்டு வரியில் எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போவேன். மனசில் ஒன்றும் தங்காது. தூரத்துச் சாவு அப்படித்தான்.

என்னைப் பழக்கிய தலைமை உதவி ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். சுனாமிக்கு அடுத்த வருஷம் டிசம்பர் இருபத்தாறாம் தேதிக்கான பெட்டியில், முந்தின வருஷம் இதே நாளில் கடல் ஊருக்குள் வந்ததைப் பற்றி ஒரு வரி எழுதி அவர் மேஜையில் வைத்தேன். சிவப்பு மையால் அதை அடித்தார்.

“ஏன் சார், தேதி சரிதானே?” என்று கேட்டேன்.

“தேதி சரிதான் மக்கா. ஆனா இது இன்னும் வரலாறு ஆகல்ல. குளச்சல்ல இப்பமும் ஆளத் தேடிட்டுக் கெடக்கான். நம்ம ஊருச் சாவுக்குப் பத்து வருசமாவது பொறு. அதுக்கு முன்னால எழுதணும்னா செய்தியா எழுது, நேர்ல போய் ஆளப் பாத்து எழுது. பெட்டிக்குள்ள வச்சு மூடாத.”

அவர் சொன்னபடியே பத்து வருஷம் அந்தத் தேதியில் அந்த வரி இல்லாமல் பெட்டி வந்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்று, ஒரு மழைக்காலத்தில் இறந்தும் போனார்.

ஒக்கி புயல் விஷயத்தில் நான் அந்தச் சொல்லை மீறினேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. அன்றைக்குப் பெட்டியில் இரண்டு வரி இடம் மிச்சம் இருந்தது. அவ்வளவுதான்.

நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டாயிரத்துப் பதினேழு நவம்பர் முப்பது, வியாழக்கிழமை. காலையில் நான் வீட்டை விட்டு இறங்கும்போது தெருவே மரமாகக் கிடந்தது. கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நடுவில் முறிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. கரண்ட் போனது, எத்தனையோ ஊர்களில் பல நாள் வரவில்லை. எங்கள் முதல் பக்கம் முழுக்க மரம். மறுநாள் மரமும் மின்கம்பமும். ஆழ்கடலுக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை என்று கரையோர ஊர்களில் இருந்து போன் வந்துகொண்டுதான் இருந்தது. அது எவ்வளவு பெரியது என்று எங்களுக்கு உறைக்கச் சில நாள் பிடித்தது. கரையில் இருந்த எங்களுக்குப் புயல் என்பது ஒரு நாள். வந்தது, போனது. மரத்தை வெட்டி ஒதுக்கினோம். அந்த ஞாபகம்தான் என் கையை எழுத வைத்தது.

இரண்டு வருஷம் கழித்து நவம்பர் முப்பதாம் தேதி வந்த பெட்டியின் கடைசி வரி இது: “2017 - ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. ஆழ்கடலில் இருந்த மீனவர்கள் பலர் இந்நாளில் உயிரிழந்தனர்.”

திங்கள்கிழமை பதினொரு மணி இருக்கும். என்னைப் பார்க்க ஒரு பெண் வந்திருப்பதாக வரவேற்பில் இருந்து கூப்பிட்டார்கள். முப்பது வயது சொல்லலாம். பர்தா போட்டிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தாள். என் பெட்டியை மட்டும் கத்தரித்து வைத்திருந்தாள்.

“இத எழுதினது யாரு?”

“நான்தான்.”

பெண்ணாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, எனக்க மாப்பிள முப்பதாம் தேதி மரிக்கல்ல” என்றாள்.

உட்காரச் சொன்னேன். பெயர் ஹலீமா. தேங்காப்பட்டணம். கணவர் நாசர் ஆழ்கடல் போட்டில் வேலைக்குப் போனவர். போட்டில் எட்டுப் பேர். திரும்பி வந்தது ஒரே ஆள், பக்கத்து ஊர் ஜெரோம். போட்டு கவிழ்ந்த பிறகு நாசரும் தானும் ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்ததாகவும், சனிக்கிழமை வரை நாசர் உயிரோடு இருந்ததாகவும் ஜெரோம் அவளிடம் சொல்லியிருக்கிறார். நாசரின் உடல் கிடைக்கவில்லை.

“நாளு தப்புண்ணு சண்டைக்கு வரல்ல அக்கா. இந்த ரெண்டு வருசமா நான் இத்தா இருக்கல்ல.”

கணவன் இறந்தால் அவர்களில் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் வீட்டோடு இருப்பார்கள். அதுதான் இத்தா.

“மரிச்ச நாளு தெரியாம நான் எங்கேர்ந்து எண்ண? மரிச்சாருண்ணே எனக்க மனசு எடுக்கல்ல. பள்ளிவாசல் உஸ்தாதும் பொறு மோளேண்ணு செல்லிட்டாரு. சனிக்கெழம காலத்த மாப்பிளைக்க அண்ணன் இந்தப் பேப்பரக் கொண்டு வந்து எனக்க முன்னால வச்சாரு. ‘பேப்பர்லயே நாளு போட்டாச்சு, இனியும் எதுக்கு வாசலப் பாத்துட்டு இருக்கே, இத்தா இருந்து முடி, பிள்ளைகளப் பாரு’ண்ணு செல்லுதாரு. அவரு கெட்ட மனுசன் இல்ல. நல்லதுக்குத்தான் செல்லுதாரு.”

அவள் அந்தத் துண்டின் மேல் விரலை வைத்தாள்.

“நீங்க கண்டியளா அக்கா?”

“இல்ல. உங்களுக்குத் தந்த இறப்புச் சான்றிதழ்ல என்ன தேதி போட்டிருக்கு?”

“முப்பதுதான். அதும் கண்டவங்க எழுதினதில்ல. தாள்ல ஒரு நாளு வேணும்ணு எழுதினது. உங்களுக்கும் ஒரு நாளு வேணும், எழுதினிய.”

நான் அந்தத் துண்டை எடுத்து மறுபடி படித்தேன். அவளே பேசினாள்.

“முப்பதாம் தேதிண்ணா ஒரு மணிக்கூருல எல்லாம் முடிஞ்சு போச்சுண்ணு ஆவும். அவரு நாளுக்கணக்குல கெடந்தாரு அக்கா. யாராவது தேடி வருவாங்கண்ணு கெடந்தாரு. அந்த நாளெல்லாம் இதுல இல்ல.”

டீ வாங்கி வரச் சொன்னேன். அவள் குடிக்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தாள். “உங்க மாப்பிள?” என்று கேட்டாள்.

“போயிட்டாரு. ஆறு வருசம் ஆச்சு.”

“நாளு தெரியுமா?”

“தெரியும். ஆஸ்பத்திரியிலதான். பக்கத்துலதான் இருந்தேன். மணியும் தெரியும்.”

“அது பாக்கியம் அக்கா” என்றாள்.

ஆறு வருஷத்தில் யாரும் அதைப் பாக்கியம் என்று சொன்னதில்லை. நானும் அப்படி நினைத்ததில்லை.

அவள் போனதும், அப்போதிருந்த செய்தி ஆசிரியரிடம் போய்த் திருத்தம் போட வேண்டும் என்றேன். அவர் முழுக்கக் கேட்டார். “சான்றிதழ்ல முப்பது. நாம போட்டதும் முப்பது. இதுல நம்ம பிழை எங்க இருக்கு?” என்றார்.

“பாக்காம எழுதினது பிழை.”

“ராஜா செத்ததையும்தான் நீங்க பாக்கல்ல.”

அவர் கேலி பண்ணவில்லை. அவருக்குத் தோன்றியதைச் சொன்னார். அத்தனை வருஷமாக நான் எழுதியதெல்லாம் யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியதுதான். அதில் எத்தனை வரி, தாளில் ஒரு நாள் வேண்டும் என்பதற்காக யாரோ போட்டதோ. அன்று முதல்முறையாக என் நோட்டைத் திறக்கக் கை கூசியது.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தேங்காப்பட்டணம் பஸ் ஏறினேன். ஜெரோம் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, துறைமுகம் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டில் வேலை செய்வதாக ஹலீமா சொல்லியிருந்தாள். போனபோது அவர் ஐஸ் கட்டிகளைக் கொக்கியால் இழுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாற்பது தாண்டிய ஆள். பத்திரிகை என்றதும் முகம் மாறியது.

“செல்லதுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் அப்பமே செல்லியாச்சு.”

“ஹலீமா அனுப்பினா. நாளு ஒண்ணு தப்பா எழுதிட்டேன். அதத் திருத்தத்தான் வந்தேன்.”

கொக்கியைக் கீழே வைத்தார். வெளியே தென்னை மூட்டில் போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கடலைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு நாளு தெரியாது அக்கா” என்றார்.

“சனிக்கெழமன்னு ஹலீமாகிட்ட சொல்லியிருக்கீங்களே.”

“அவ ஒரு நாளு கேட்டா. வீட்டுக்கு வந்து, வாசல்ல நிண்ணு, ‘அண்ணா, எண்ணைக்கு’ண்ணு கேட்டா. தெரியாதுண்ணு எப்பிடிச் செல்ல? சனின்னேன். போட்டு கவுந்தது வியாழன் மத்தியானம், அது தெரியும். அதுக்கப்புறம் மழையும் இருட்டும். பகலே பகல் போல இல்ல. ரெண்டு வாட்டி நேரம் வெளுத்துதா, மூணு வாட்டி வெளுத்துதா, எனக்குப் பிடி கிட்டல்ல. கண்ணுல உப்புத்தண்ணி. ஆனா ஒரு வாட்டியாவது வெளுத்துது. அவனும் நானும் ரெண்டு பேரும் கண்டோம். அத நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணிச் செல்லுவேன்.”

ஒரு விடியல் என்றால் முப்பதாம் தேதி தாண்டிவிட்டது. எனக்கு வேண்டியது அதுதான். நோட்டை மூடினேன். மூடியதைப் பார்த்துத்தானோ என்னவோ, அவர் மற்றதைச் சொல்ல ஆரம்பித்தார்.

“ரெண்டு பேரும் ஒரு கயிற கேன்ல கெட்டி, அத இடுப்புல கெட்டியிருந்தோம். அவன் வீட்டப் பத்தியே பேசினான். அடுக்களைக்க ஓடு ஒண்ணு பொட்டிக் கெடக்கு, மழை பெய்தா அடுப்புல ஒழுகும், போவதுக்கு முன்ன மாத்தணும்ணு நெனச்சேன், மாத்தல்லண்ணு. அதையே செல்லிட்டிருந்தான். வெளுத்தப்புறம் எனக்ககிட்ட கேட்டான், ‘அண்ணா, இன்னைக்கு வெள்ளியா?’ண்ணு. ‘வெள்ளிதான்டே’ன்னேன். எனக்குத் தெரியாது. வியாழனுக்கு அடுத்தது வெள்ளி, அதான் செல்லினேன். அதுக்கு முன்ன ஒரு வெளுப்பு போயிருந்ததாண்ணு எனக்கு நிச்சயம் இல்ல. அவன் ஜும்மா நேரம் ஆயிருக்கும்ணு செல்லிட்டு, அப்பிடியே தண்ணியில கெடந்து தொழுதான். கேன்ல நெத்திய முட்டி முட்டி. அதுக்கப்புறம் பேச்சு கொறஞ்சு போச்சு. பெறவு ஒரு நேரம் பாத்தா கயிறு மட்டும் கெடந்துது.”

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“இது நான் அவகிட்ட செல்லல்ல. வெள்ளி இல்லாத நாள்ல அவன வெள்ளிண்ணு செல்லித் தொழ வச்சேனோண்ணு எனக்குள்ள கெடக்குது. அவனுக்க கடைசித் தொழுகை அது. நாங்க வேற மதம், எனக்கு அதுக்க கணக்குத் தெரியாது. அவ மொகத்தப் பாத்துச் செல்ல எனக்கு ஒக்காது அக்கா. நீங்க செல்லுவியளா?”

சொல்கிறேன் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

திரும்பி வந்து செய்தி ஆசிரியரிடம், ஜெரோம் சத்தியம் செய்வதாகச் சொன்னதை மட்டும் சொன்னேன். இந்த முறை அவர் வேறு ஒன்று கேட்டார். “சான்றிதழுக்கு எதிரா நாம ஒரு தேதி போட்டா, அந்தக் குடும்பத்துக்குச் சிக்கல் வராதா? யாராவது அந்த நிவாரண ஃபைல மறுபடி தெறந்தா? அந்தப் பெண்கிட்ட கேட்டீங்களா?”

கேட்கவில்லை. என் பிழையைத் திருத்துகிற அவசரத்தில், அது அவளை எங்கே கொண்டு விடும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். தப்பு எழுதியவளுக்கு அதைச் சரி செய்துவிட்டால் மனசு லேசாகும். அந்த லேசுக்காக மட்டும் திருத்தம் போடக் கூடாது. அன்று என்னை மறித்தவர் சரியாகத்தான் மறித்தார்.

ஹலீமாவுக்குப் போன் போட்டேன். ஜெரோம் ஒரு விடியல் வரைக்கும்தான் உறுதியாகச் சொல்கிறார், சனிக்கிழமை என்பது அவருக்கே நிச்சயம் இல்லை என்பதை அவளிடம் மறைக்கவில்லை. மறுமுனையில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

“செரி” என்றாள். “அப்ப யாருக்கும் தெரியாது.”

“தெரியாது.”

“அவருக்க பேரு போட வேண்டாம் அக்கா. வேற தேதியும் போட வேண்டாம். அந்த ஒரு சொல்ல எடுத்தா போரும்.”

செய்தி ஆசிரியர் தானே உட்கார்ந்து எழுதித் தந்தார். “‘இந்நாள்’ பகுதியில் ஒக்கி புயல் பற்றிய குறிப்பில், மீனவர்கள் ‘இந்நாளில்’ உயிரிழந்தனர் என்று வெளியானது தவறு. அவர்களில் பலர் எந்த நாளில் இறந்தார்கள் என்பது தெரியவில்லை. வருந்துகிறோம்.” வழக்கமாகத் திருத்தத்தை யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துத்தான் வைப்போம். இதைப் பெட்டிக்கு உள்ளேயே, முதல் வரியாக வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. கடற்கரை ஊர்களில் இருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கடிதங்களும் வந்தன. ஒரு தகப்பனார் வந்து, தன் மகனின் போன் மூன்றாம் நாள் ஒருமுறை அடித்தது என்றார். யாரும் எடுக்கவில்லை, ஆனால் அடித்தது, அதை எங்காவது எழுதி வைக்க முடியுமா என்று கேட்டார். ஒரு அம்மா, மகன் கனவில் வந்த நாளைச் சொன்னாள். அதைத்தான் அவர்கள் வீட்டில் நினைவு நாளாக வைத்திருக்கிறார்களாம். இன்னொருவர் ஒன்றும் கேட்கவில்லை. திருத்தம் வந்த காகிதத்தில் இன்னொரு பிரதி கிடைக்குமா என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அச்சில் எதையும் போட முடியாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஆனால் அவர்கள் முன்னாலேயே என் நோட்டை எடுத்து, அவர்கள் சொன்ன தேதியின் பக்கத்தில், அவர்கள் சொன்னபடியே எழுதினேன். டிசம்பர் முதல் வாரத்துப் பக்கங்களில் ராஜாக்களுக்கும் பாலங்களுக்கும் கீழே அந்த வரிகள் இருக்கின்றன. நோட்டு உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஜனவரி பாதியில் ஹலீமா போன் செய்தாள். “அக்கா, நாளையிலேர்ந்து நான் இத்தா இருக்கேன்.”

மைத்துனர் வற்புறுத்தினாரா என்று கேட்டேன்.

“இல்ல. அந்தத் திருத்தத்தக் கண்டப்புறம் அவரு ஒண்ணும் செல்லல்ல. நானாட்டு உஸ்தாதுகிட்ட கேட்டேன். யாருக்கும் தெரியாதுண்ணு பேப்பர்ல கண்டப்பதான் எனக்குப் பிடி விட்டுது. ஒரு நாளச் செல்லிச் செல்லி எல்லாரும் என்னப் பிடிச்சு இழுத்தப்ப, நான் அவரப் பிடிச்சு இழுத்துட்டு நிண்ணேன். இனி யாரும் இழுக்கல்ல. அவரு போட்டும்.”

பிப்ரவரியில் அவளைப் பார்க்கப் போனேன். சின்ன வீடு. உள்ளறையில் பாயில் இருந்தாள். அடுக்களையில் அவள் மாமியார் மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஜெரோமிடம் ஒப்புக்கொண்டதை இரண்டு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தேன். போனில் சொல்லும் காரியம் இல்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். ஏற்கெனவே ஒரு வரியால் இந்தப் பெண்ணைப் படுத்தியாயிற்று.

அடுக்களை ஓடு பற்றி நாசர் பேசியதைச் சொன்னேன். அவள் தலையைத் திருப்பி அடுக்களைப் பக்கம் பார்த்தாள். “அது இப்பமும் ஒழுகுது” என்றாள். பிறகு தொழுததைச் சொன்னேன். வெள்ளியா என்று கேட்டது, ஜெரோம் தெரியாமலே ஆமாம் என்றது, கேனில் நெற்றியை முட்டியது, ஜெரோமின் மனசில் கிடப்பது, எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். என்னுடையதாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. தொழிலில் நான் சரியாகச் செய்த வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

பாயின் ஓரத்தில் ஒரு கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

“எந்த நாளானாலும் தொழுகை தொழுகைதான் அக்கா. படச்சவனுக்குத் தெரியாதா, தண்ணியில கெடக்கவனுக்குக் கலண்டர் இல்லண்ணு? ஜெரோமண்ணன்கிட்ட செல்லுங்க. கடைசியா அவருக்க சத்தத்தக் கேட்டவரு அவருதான். எனக்கு அவருகிட்ட ஒரு வெசமமும் இல்ல.”

அங்கிருந்து நேரே ஐஸ் பிளாண்டுக்குப் போனேன். ஜெரோம் அங்கே இல்லை. கொச்சிப் பக்கம் ஒரு போட்டில் வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். மறுபடியும் கடலுக்கு. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுநாளும் அதுவே. தினமும் காலையில் ஆபீஸ் வந்ததும் அந்த எண்ணை அடிப்பது எனக்கு ஒரு வேலையாயிற்று. பத்து நாள் போனது, பதினைந்து நாள் போனது. ஆழ்கடலுக்குப் போனால் அத்தனை நாள் ஆகும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் வானிலைச் செய்தி வரும்போதெல்லாம் கை அந்த எண்ணுக்குப் போனது. அந்த ஊர்களில் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது அந்த நாட்களில் ஒரு துளி எனக்குப் புரிந்தது.

பதினெட்டாம் நாள் அவரே கூப்பிட்டார்.

“அக்கா, இப்பதான் கரை கண்டோம். இத்தன மிஸ்டு கால் கெடக்கு. யாருக்கு என்ன?” குரலில் பதற்றம்.

“யாருக்கும் ஒண்ணும் இல்ல” என்றுவிட்டு, ஹலீமா சொன்னதைச் சொன்னேன். பின்னால் மீன் இறக்குகிற சத்தம். யாரோ அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.

“அவ அப்பிடியே செல்லினாளா?”

“அப்பிடியேதான் செல்லினா. ஒரு வார்த்த நான் கூட்டல்ல.”

“மீன்பிடித் தடைக்காலம் வரும்போ ஊருக்கு வருவேன். வந்து அவளப் பாக்கேன்” என்றார்.

பிறகு கொரோனா வந்தது. பஸ் நின்றது. ஆபீஸில் பாதி ஆள் வீட்டிலிருந்து வேலை செய்தோம். நானும் பெட்டியை வீட்டிலிருந்தே எழுதி அனுப்பினேன். ஜெரோம் ஊர் வந்து சேர்ந்தாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. இத்தா முடிந்து சில வாரம் கழித்து, ஜூன் மாதம் ஒரு மத்தியானம் ஹலீமாவிடமிருந்து போன் வந்தது.

“ஜெரோமண்ணன் வந்தாரு அக்கா. அவருக்க ஊருலேர்ந்து நடந்தே வந்தாரு. வந்து ஒண்ணும் பேசல்ல. ஏணிய வாங்கிட்டுப் போய் அந்த ஓட்ட மாத்தினாரு. இறங்கி வந்து சோறு தின்னாரு. போவும்போ வாசல்ல நிண்ணு அழுதாரு. நானும் அழுதேன், மாமியும் அழுதா. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து நிண்ணாங்க. ரெண்டரை வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் அக்கா, எங்க வீடு ஒரு மரிச்ச வீடு போல இருந்துது.”